வானத்து வானொலியும் வீட்டு ஸ்டீரியோவும்



வானொலி என்ற சொல்லுக்குள் வானம் இருக்கிறது. ஆனால் நெடுங்காலம் நம் வீட்டு வானொலிக்கு ஒலி வந்தது குன்றின்மேல் நட்ட கோபுரத்திலிருந்துதான். வானத்தில் நிற்கும் ஒரு துணைக்கோளத்திலிருந்து நேராக வீட்டுப் பெட்டிக்கு ஒலி வந்து இறங்கிய காலம் பின்னால்தான் வந்தது. அது எப்படி வந்தது, அந்தப் பெட்டியை எப்படி நிறுத்தி ஸ்டீரியோவோடு இணைத்தார்கள், பிறகு அது ஏன் ஒருநாள் ஊமையாயிற்று என்பதையே இன்று சொல்லப்போகிறேன். தவணை கட்டிச் சாமான் வாங்கும் குடும்பங்களுக்கு இந்த வரலாற்றில் ஒரு படிப்பினை உண்டு.

முதலில், துணைக்கோளம் வருவதற்கு முன்பு ஒலி நம்மிடம் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1946-இல் ரேடியோ மலாயா தொடங்கியது. அன்று தோட்டத்து லயத்தில் சொந்த வானொலி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கம் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. தன் செய்தி மக்களை எட்டவேண்டும் என்பது அரசாங்கத்தின் நோக்கம். மக்களுக்கோ செய்தியோடு பாட்டும் வேண்டியிருந்தது. எந்த நிலையத்தைக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் பெட்டியைக் காவல் காத்தவரின் கையில் இருந்தது.

நகரத்தில் இன்னொரு முறை வந்தது. 1949-இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ரெடிபியூசன் என்ற கம்பி வானொலி தொடங்கியது. மின்சாரக் கம்பி வருவதுபோல் ஒலிக்கும் ஒரு கம்பி வீட்டுக்குள் வரும். இரைச்சல் இல்லை, ஏரியல் வேண்டாம். மாதந்தோறும் கட்டணம் கட்டவேண்டும். கட்டணம் நின்றால் ஒலியும் நின்றுவிடும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து வந்தது டிரான்சிஸ்டர். 1954-இல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் உலகமெங்கும் அதன் விலை இறங்கியது. பேட்டரி போட்டால் பாடும். கையில் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம். தொலைதூர நாடுகளின் தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் கேட்டவர்கள் பலர். சிற்றலைக்கு ஒரு குறை உண்டு. பூமியிலிருந்து மேலே செல்லும் சிற்றலை, வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த அடுக்கு பகலில் ஒருவிதமாகவும் இரவில் ஒருவிதமாகவும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பாட்டு நெருங்கி வந்து விலகிப் போவதுபோல் கேட்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க ஒருவர் வழி சொன்னார். ஆர்தர் சி. கிளார்க் என்ற ஆங்கிலேயர், 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வோர்ல்டு' என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால், அது பூமியைச் சுற்றிவர ஒரு நாள் பிடிக்கும். பூமியும் ஒரு நாளில்தான் தன்னைத்தானே சுற்றுகிறது. ஆகவே கீழே இருப்பவருக்கு அந்தப் பொருள் ஒரே இடத்தில் நிற்பதாகவே தோன்றும். அப்படி மூன்றை நிறுத்தினால் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அவர் கணக்கு. அதை இயக்கிப் பழுதுபார்க்க அங்கே மனிதர்கள் தங்கியிருக்க வேண்டும் என்றே அவர் நினைத்தார். அன்றைய வானொலிக் கருவிகளில் வால்வுகள் இருந்தன. எரிந்துபோனால் மாற்ற ஆள் வேண்டுமல்லவா? கிளார்க் 1956-இல் இலங்கையில் குடியேறி, 2008-இல் கொழும்பில் காலமானார். தாம் சொன்னது நடந்ததைக் கண்ணாரக் கண்டவர் அவர்.

1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அதிலிருந்து வந்த 'பீப், பீப்' என்ற ஓசைதான் மனிதன் செய்த பொருள் ஒன்று பூமியைச் சுற்றியபடி விண்ணிலிருந்து அனுப்பிய முதல் வானொலி. 1964-இல் சின்காம் 3 என்ற அமெரிக்கத் துணைக்கோளம் பசிபிக் பெருங்கடலுக்கு மேலே, கிளார்க் சொன்ன உயரத்திலேயே நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகள் அதன் வழியாக அமெரிக்காவுக்குச் சென்றன. நம் நாட்டில் 1970-இல் குவாந்தானில் துணைக்கோளத் தரைநிலையம் திறக்கப்பட்டது. ஆனால் இவையெல்லாம் பெரும் நிலையங்களுக்கு உரியவை. அன்றைய துணைக்கோளத்தின் ஒலி மெலிந்தது. அதைப் பிடிக்க வீட்டைவிடப் பெரிய தட்டு ஏரியல் வேண்டியிருந்தது. ஏழை வீட்டுக் கூரைமேல் அதை வைக்க முடியுமா?

முடியும் என்பதற்கு முதல் பெரிய சோதனை இந்தியாவில் நடந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ். 6 என்ற துணைக்கோளத்தை இந்தியா ஓராண்டுக்கு வாங்கிப் பயன்படுத்தியது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், கல்வி பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நேராக வந்தன. ஏரியல் கம்பி வலையால் ஆன மூன்று மீட்டர் அகலத் தட்டு. ஊரே ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தது. ஓராண்டு முடிந்ததும் துணைக்கோளத்தை அமெரிக்கா திரும்ப எடுத்துக்கொண்டது. அத்தோடு அந்த ஒளிபரப்பும் நின்றது. இந்தியா அதிலிருந்து பாடம் கற்றது. தனக்கென்று இன்சாட் துணைக்கோளங்களை ஏற்படுத்திக்கொண்டது. 1983-இல் இன்சாட் 1பி விண்ணேறியது.

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்ற வழக்கறிஞர், 1990-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் வோர்ல்டுஸ்பேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அறியாமையால் மக்கள் மடிகிறார்கள், செய்தி போய்ச் சேர்ந்தால் உயிர்கள் பிழைக்கும் என்பது அவர் எண்ணம். சாலையும் மின்கம்பியும் செல்லாத ஊருக்கும் வானத்திலிருந்து ஒலி இறங்கும் அல்லவா? 1992-இல் ஸ்பெயினில் கூடிய அனைத்துலக மாநாடு இத்தகைய வானொலிக்காக ஓர் அலைவரிசைப் பகுதியை ஒதுக்கியது. 1998 அக்டோபரில் ஆப்பிரிக்காவுக்கான ஆப்ரிஸ்டார், 2000 மார்ச்சில் ஆசியாவுக்கான ஆசியாஸ்டார் ஆகிய இரு துணைக்கோளங்களும் தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஏவப்பட்டன.

ஆசியாஸ்டார் நின்ற இடம் நமக்கு அயலாரின் வீடு போன்றது. கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில், பூமத்திய ரேகைக்கு மேலே அது நின்றது. வரைபடத்தில் பார்த்தால் சிங்கப்பூருக்குத் தெற்கே, லிங்கா தீவுகளை அடுத்த கடலுக்கு நேர் மேலே. அதன் ஒலி மூன்று கற்றைகளாக இறங்கியது. ஒன்று இந்தியப் பக்கம், ஒன்று சீனப் பக்கம், மூன்றாவது நம் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா பக்கம்.

அந்த ஒலியை வாங்கும் பெட்டிகளை ஹிட்டாச்சி, ஜே.வி.சி., பானாசோனிக், சான்யோ ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் முதலில் செய்தன. பெட்டி சாதாரணக் கைவானொலி அளவுதான். அதோடு உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, தட்டையான ஒரு சதுர ஏரியல். குவாந்தானில் நிறுத்திய பெருந்தட்டு எங்கே, இந்தச் சதுரப் பலகை எங்கே! துணைக்கோளத்தின் வலு கூடியது; ஒலியை எண்களாக மாற்றிச் சுருக்கி அனுப்பும் முறையும் வந்தது. அதனால் ஏரியல் சிறுத்தது.

பெட்டியை நிறுத்துவதில்தான் திறமை வேண்டும். இந்த அலைக்கு நேர்ப்பார்வை தேவை. ஏரியலுக்கும் துணைக்கோளத்துக்கும் நடுவே தகரக்கூரை இருந்தால் ஒலி வராது. நனைந்த மரக்கிளை மறைத்தாலும் ஒலி நலியும். சென்னையில் இருந்தவர்கள் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடைப்பட்ட திசையைப் பார்த்த சன்னலோரத்திலோ மாடியிலோ ஏரியலைச் சாய்த்து வைத்தார்கள். நம் ஊரிலோ துணைக்கோளம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே இருந்தது. இங்கே சன்னல் பயன்படாது. ஏரியலைத் திறந்த வெளியில், வானத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் கிட்டத்தட்ட மல்லாக்க வைக்கவேண்டும். ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி, நீண்ட கம்பி போட்டு வெளியே கொண்டுபோக வசதி இருந்தது. பெட்டியின் முகப்பில் அலையின் வலுவைக் காட்டும் கோடுகள் தெரியும். ஒருவர் வெளியே ஏரியலை மெல்ல மெல்லத் திருப்ப, உள்ளே இருப்பவர் கோடுகளைப் பார்த்துக் குரல் கொடுப்பார். கோடுகள் நிறைந்ததும் ஏரியலை அசையாமல் கட்டிவிடவேண்டும்.

அடுத்தது ஸ்டீரியோ. பெட்டியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் பாட்டின் முழு அழகும் வராது. துணைக்கோள ஒலி இடம், வலம் என்று இரண்டாகப் பிரிந்தே வருகிறது. பாடகர் குரல் நடுவிலும், வீணை ஒரு பக்கமும், மிருதங்கம் மறுபக்கமும் கேட்கவேண்டுமானால் இரண்டு ஒலிபெருக்கிகள் வேண்டும். 1958 முதல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் காசெட்டை அறிமுகப்படுத்தியது. பிறகு ஸ்டீரியோ மெல்ல மெல்லச் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. இசைத்தட்டுக்கும் காசெட்டுக்கும் வாங்கிய அதே ஸ்டீரியோ, வானத்து வானொலிக்கும் பயன்பட்டது.

இணைக்கும் முறை எளிது. எந்தப் பெட்டியானாலும் முறை ஒன்றே. முதலில் இரண்டையும் நிறுத்தி, சத்தத்தைக் குறைத்து வைக்கவேண்டும். ஒரு முனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பிளக்குகள் கொண்ட கம்பியை எடுக்கவேண்டும். சிவப்பு வலது பக்கம், வெள்ளை இடது பக்கம். மறுமுனை, பெட்டியின் ஒலி வெளியேறும் துளைக்குரியது. அத்துளை இல்லாத பெட்டியில் காதொலிப்பான் செருகும் துளையில் போடலாம். ஸ்டீரியோவின் பின்புறம் பல துளைகள் இருக்கும். 'ஆக்ஸ்' அல்லது 'டேப்' என்று எழுதிய துளையில்தான் இதைச் செருகவேண்டும். 'போனோ' என்ற துளை இசைத்தட்டு ஊசியின் மிக மெல்லிய ஒலிக்காகச் செய்யப்பட்டது. அது வாங்கிய ஒலியைப் பன்மடங்கு பெருக்கும். அதில் வானொலியைச் செருகினால் பாட்டு கரகரத்துச் சிதையும். ஒலிக்கம்பியை மின்சாரக் கம்பியோடு சேர்த்துக் கட்டினால் 'ம்ம்' என்ற முனகல் கேட்கக்கூடும். இரண்டும் விலகியே செல்லட்டும். இடி மின்னல் வேளையில் வெளியே போகும் ஏரியல் கம்பியையும் மின்சாரப் பிளக்கையும் முன்னதாகவே கழற்றிவிட வேண்டும். நம் நாட்டில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இப்படி இணைத்தவர்களுக்கு நல்ல விருந்து கிடைத்தது. கர்நாடக இசைக்கென்றே ஸ்ருதி என்ற அலைவரிசை நாள் முழுதும் பாடியது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் தனித்தனி அலைவரிசைகள் இருந்தன. தமிழுக்கும் ஒன்று இருந்தது. சிற்றலையின் இரைச்சல் இல்லை. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் இந்தியாவில் அந்நிறுவனத்தின் விளம்பரத் தூதராக இருந்தார்.

ஆனால் கணக்கு உதைத்தது. தொடக்கத்தில் பெட்டியை வாங்கினால் போதும், பாட்டு இலவசம் என்றிருந்தது. பிறகு அலைவரிசைகள் பூட்டப்பட்டன. சந்தா கட்டியவருக்கே திறக்கப்பட்டன. ரெடிபியூசனின் கம்பியை நினைவில் வைக்கச் சொன்னேனே, இப்போது எண்ணிப் பாருங்கள். கம்பி போய்விட்டது; கம்பிக்குரிய கட்டணம் மட்டும் வானத்திலிருந்து இறங்கி வந்தது. எந்த ஏழைக்காக இத்திட்டம் நினைக்கப்பட்டதோ, அந்த ஏழை விலை கொடுத்துப் பெட்டி வாங்கவும் இயலவில்லை, சந்தா கட்டவும் இயலவில்லை. சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியாவின் நகரவாசிகளாகவே இருந்தனர். துணைக்கோளம் ஏவிய கடனோ பெருங்கடன். 2008 அக்டோபரில் வோர்ல்டுஸ்பேஸ் அமெரிக்க நீதிமன்றத்தில் கடனிலிருந்து பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்தது. 2009 டிசம்பர் 31-ஆம் நாளோடு இந்தியச் சேவை முடிந்தது.

ஏரியல் அசையவில்லை, கம்பி அறுபடவில்லை, பெட்டி பழுதாகவில்லை. ஆயினும் ஒலி இல்லை. அந்தப் பெட்டி வேறு எந்த நிறுவனத்தின் துணைக்கோள ஒலியையும் வாங்கத் தெரியாதது. அதனால் முழு விலை கொடுத்து வாங்கியவர் வீட்டில், துணைக்கோள ஒலியைப் பொறுத்தவரை அது வெறும் பெட்டியாயிற்று. அதே வீட்டில் ஸ்டீரியோ மட்டும் பிழைத்துக்கொண்டது. அதில் காசெட்டும் இசைத்தட்டும் பாடின; பண்பலை வானொலியும் பாடியது.

இதே வானத்து வானொலி அமெரிக்காவில் பிழைத்ததே, எப்படி என்று கேட்கலாம். அங்கே எக்ஸ்.எம். நிறுவனம் 2001-இலும், சிரியஸ் நிறுவனம் 2002-இலும் ஒலிபரப்பத் தொடங்கின. எக்ஸ்.எம்.மின் தொடக்க முயற்சியில் வோர்ல்டுஸ்பேசுக்கும் பங்கு இருந்தது. அவர்கள் புதுக் கார்களுக்குள்ளேயே வாங்கியைப் பொருத்திவைக்கக் கார்த் தொழிற்சாலைகளோடு ஒப்பந்தம் செய்தார்கள். உயர்ந்த கட்டடங்கள் மறைக்கும் நகரங்களில் தரையிலும் கோபுரம் நட்டார்கள். அப்படியிருந்தும் நட்டம் தாளாமல் 2008-இல் இரண்டும் ஒன்றாயின. கார் வைத்திருந்து மாதச் சந்தா கட்ட வசதியுள்ள மக்கள் அங்கே பெருகியிருந்தார்கள். அதனால் வண்டி ஓடியது.

நம் நாட்டின் கதை வேறு பாதையில் சென்றது. 1996 ஜனவரியில் மலேசியாவின் முதல் துணைக்கோளமான மீசாட் 1 விண்ணேறியது. அம்முயற்சிக்குப் பின்னால் இருந்தவர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1938-இல் பிறந்த தமிழரான ஆனந்த கிருஷ்ணன். அவர் 2024-இல் காலமானார். அதே 1996-இல் அஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியது. அதன் தட்டுகள் தோட்டத்து லயங்களின் கூரைகளிலும் ஏறின. தொலைக்காட்சிக்காகத்தான் அதை வாங்கினோம். அதே டிகோடரில் வானொலி அலைவரிசைகளும் வந்தன. டிகோடரின் ஒலித்துளையிலிருந்து ஸ்டீரியோவுக்குக் கம்பி போட்டால் அதுவும் துணைக்கோள வானொலியே. நான் மேலே சொன்ன 'ஆக்ஸ்' துளை, சிவப்பு வெள்ளைப் பிளக்கு எல்லாம் அப்படியே பொருந்தும்.

ஒரு வேறுபாட்டை எல்லாரும் அறிவோம். கனமழை பெய்தால் அஸ்ட்ரோ படம் நின்றுவிடும். அதன் அலை மிகக் குறுகியது. மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். வோர்ல்டுஸ்பேசின் அலை அதைவிட நீளமானது. மழைக்கு அவ்வளவாக அஞ்சாது. மழையைத் தாங்கிய வானொலி கடனைத் தாங்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

2012-இல் அஸ்ட்ரோவும் அரசாங்கமும் சேர்ந்து என்ஜோய் என்ற சேவையைத் தொடங்கின. பெட்டியையும் தட்டையும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை; வானொலி அலைவரிசைகளும் அதில் இருந்தன. அதே ஆண்டு சிங்கப்பூரில் ரெடிபியூசன் தன் பழைய சேவையை முடித்துக்கொண்டது. கட்டணம் வாங்கி வந்த ரெடிபியூசன் நின்ற ஆண்டில், கட்டணமில்லாத வானத்துச் சேவை ஒன்று பிறந்தது.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? ஒலிக்கருவி என்பது இரண்டு பொருள். ஒன்று பெட்டி, அது நாம் வாங்குவது. மற்றொன்று குரல், அது யாரோ அனுப்புவது. கடையில் நமக்குப் பெட்டியைத்தான் காட்டுவார்கள். ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். குரலை அனுப்புகிறவர் யார்? கட்டணம் ஒருமுறையா, மாதந்தோறுமா? அவர் நிறுத்திவிட்டால் இந்தப் பெட்டி வேறு எதற்காவது உதவுமா? மூன்றாவது கேள்விக்கு 'உதவாது' என்பது விடையானால், அந்தத் தவணைப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு எடுத்துவைப்பது மேல். இன்று கைப்பேசியில் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்கும் இக்கேள்விகள் பொருந்தும்.

பண்பலை வானொலிக்குச் சந்தா கிடையாது. எந்த நிறுவனம் செய்த பெட்டியானாலும் எல்லா நிலையங்களையும் அது வாங்கும். ஒரு நிலையம் மூடினால் இன்னொன்றுக்குத் திருப்பிக்கொள்ளலாம். திருப்பும் குமிழ் நம் கையில் இருக்கிறது. தோட்டத்துப் பொதுப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, மற்றவர் வைத்த நிலையத்தையே கேட்ட நம் பெரியோருக்கு இந்தக் குமிழின் அருமை தெரியும். பழைய வானொலிப் பெட்டி வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பேட்டரி மாற்றிப் பாருங்கள்.